அடைத்த கதவும் சபை ஊழியமும்

'சபை' என்னுஞ் சொல்லுக்கே கூட்டம் என்பது பொருள். புதிய ஏற்பாட்டில் வழங்கும் 'எக்லேசியா' என்ற கிரேக்கச் சொல்லும், அழைக்கப்பட்டு ஓரிடத்தில் திரண்ட அவையையே முதற்கண் குறித்தது. அதனைத் தமிழிற் பெயர்க்கப் புகுந்தோர், அவை, மன்றம், கழகம் முதலிய சொற்கள் நம் மொழியில் இருப்பவும், சபை என்பதனையே கொண்டனர். எங்கள் தென்பாண்டிச் சீமைக் கிறிஸ்தவரோ கட்டடத்தைக் கோயில் என்றும், அங்குக் கூடும் மக்களைச் சபை என்றும் பிரித்து வழங்குவர். இவ்விரண்டும் எவ்விடத்திற் பிரிகின்றன என்று எங்களூரில் யாரும் ஆராய்ந்ததில்லை. ஆராயவேண்டிய தேவையும் நேரவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று அத்தேவை நேர்ந்தது. அன்று நாடெங்கும் மக்கள் தாமாகவே வீட்டினுள் அடங்கியிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். 25ஆம் நாள் முதல் அதுவே சட்டமாயிற்று. ஏப்ரல் 5ஆம் நாள் குருத்தோலை ஞாயிறு. 10ஆம் நாள் பெரிய வெள்ளி. 12ஆம் நாள் உயிர்ப்பு ஞாயிறு. ஓலையின்றிப் பவனியின்றிப் பாட்டின்றி அவை மூன்றும் கடந்தன. கோயில் இருந்தது; மக்களும் இருந்தனர்; கூடுதல் ஒன்றே இல்லை. கூடாத கூட்டத்தைச் சபை என்னலாமா என்பது வெறுஞ் சொல்லாராய்ச்சி போலத் தோன்றும். ஆயினும், அக்கேள்வி எங்களூரில் ஒரு மூதாட்டியின் உயிர்வரை சென்று தீண்டியதாதலின் அதனைப்பற்றி எழுதத் துணிந்தேன்.

கூட இயலாமை திருச்சபைக்குப் புதிதன்று. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் அத்தியட்சராயிருந்த தியோனீசியு என்பவர் எழுதிய நிருபம் ஒன்றின் பகுதிகளை யூசேபியு தம் வரலாற்று நூலிற் பாதுகாத்து வைத்துள்ளார். துன்புறுத்தப்பட்டுத் துரத்தப்பட்ட காலத்தில், வயலாயினும் வனாந்தரமாயினும், கப்பலாயினும் சத்திரமாயினும் சிறையாயினும், தாங்கள் இருந்த இடமே தங்களுக்குப் பண்டிகை கொண்டாடும் இடமாயிற்று என்று அவர் கூறுகின்றார். அத்துன்பத்தின்பின் கொள்ளை நோய் வந்தது. விசுவாசிகள் நோயாளரை அணுகி, தொட்டுத் தூக்கி, பணிவிடை செய்து, இறந்தோரைக் குளிப்பாட்டி அடக்கஞ்செய்து, அந்நோயாலேயே தாமும் பலர் மாண்டனர் என்பது அந்நிருபத்தாற் பெறப்படும். ஏறக்குறைய அக்காலத்தில் கார்த்தேஜ் நகரத்து அத்தியட்சர் சிப்பிரியானும், நம்மவர்க்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் உதவுமின் என்று தம் மக்களை ஏவினர்.

இவற்றை வாசிக்குந்தோறும் உள்ளம் உருகுமாயினும், எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நோய் எவ்வாறு தொற்றுகின்றது என்பதை அவர்கள் அறியார், நாம் அறிவோம். நோய்க்கிருமியைக் கையிற் கொண்டு ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குச் செல்லும் அன்பு, அன்புதானா? இதற்கு விடை தேடுவோர் இங்கிலாந்தில் டார்பிசையர் நாட்டிலுள்ள ஒரு சிற்றூரின் கதையை அறிதல் நன்று. அவ்வூரின் பெயர் ஈம். தமிழில் ஈமம் என்பது சுடுகாடு. ஒலியொற்றுமை தற்செயலே எனினும், அவ்வூர்க் கதையைப் படித்தபின் அப்பெயரை வேறுவகையாக ஒலிக்க என் நா எழுவதில்லை.

1665ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பெருவாரி நோய் நிகழ்ந்தபொழுது, அங்கிருந்து ஈம் ஊரிலுள்ள தையற்காரர் ஒருவருக்குத் துணிமூட்டை வந்தது; அதனோடு நோயும் வந்தது. மறு ஆண்டு கோடையில் அந்நோய் மும்முரமாயிற்று. அவ்வூர்க் குருவானவர் வில்லியம் மொம்பெசன் இளைஞர், வந்து நெடுநாளாகாதவர். அவர்க்கு முன்னிருந்த தாமஸ் ஸ்டான்லி என்பவர், அரசினர் விதித்த வழிபாட்டு முறைக்கு இசையாமையால் பதவியினின்று நீக்கப்பட்டவர். ஆயினும் மக்கள் மதிப்பைப் பெற்றவர். ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசவும் நியாயமில்லாத அவ்விருவரும் ஒன்றுகூடி ஊராரை இணக்கி, ஊரை விட்டு எவரும் வெளியேறுவதில்லை என்றும், இறந்தோரை அவ்வவர் வீட்டாரே தத்தம் நிலத்தில் புதைப்பது என்றும், கோயிலைப் பூட்டிவிட்டு அருகிலுள்ள பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஆராதிப்பது என்றும் தீர்மானித்தனர். அயலூரார் ஊரெல்லைக் கல்லின்மீது உணவுப் பொருள்களை வைத்துச் செல்வர். ஈம் ஊரார் அதற்குரிய காசைக் காடியிலிட்டு வைப்பர். டெவன்ஷையர் பிரபுவும் பொருளுதவினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் குருவானவரின் மனைவியே இறந்தார். எட்டு நாளில் கணவனையும் ஆறு மக்களையும் தன் கையால் புதைத்த தாயும் அவ்வூரிலிருந்தாள். ஏறக்குறைய 260 பேர் மாண்டனர் என்பர். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் அவ்வூரார் இன்றும் அவர்களை நினைந்து வழிபடுகின்றனர்.

அலெக்சாந்திரியாவில் அன்பு அணுகிச் சென்றது. ஈமில் அன்பு விலகி நின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பவர் மார்ட்டின் லுத்தர். 1527ஆம் ஆண்டு விட்டன்பர்கு நகரில் கொள்ளை நோய் வந்தபொழுது வெளியேறும்படி சொல்லப்பட்டும் அவர் வெளியேறவில்லை. நோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று கேட்டோர்க்கு அவர் எழுதிய மறுமொழியின் கருத்து இதுவே: தேவையில்லாத இடத்துக்குச் சென்று நோயைப் பரப்பேன்; அயலானுக்கு என் தேவை உண்டாயின் அஞ்சாமற் செல்வேன். இதனினும் தெளிந்த விதியை யான் அறியேன். ஆயினும், அதனுள் ஒரு சிக்கல் மறைந்து கிடக்கின்றது. அயலானுக்கு என் தேவை உண்டென்பதை யான் எவ்வாறு அறிவேன்? எங்களூர்ச் சபை இடறியது இவ்விடத்திலேயே.

எங்களூர் தாமிரபரணியின் தென்பால், தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த ஒரு சிற்றூர். பனையேறுவோரும், சென்னை, மும்பை முதலிய நகரங்களில் மளிகைக் கடைகளில் நிற்போரின் பெற்றோருமே குடிகளிற் பெரும்பாலார். குருவானவர் சேகரத் தலைமையூரில் வசிப்பார். எங்கட்கு வாய்த்தவர் உபதேசியார். ஊரடங்கு தொடங்கிய பின் இரண்டாம் ஞாயிற்றிலேயே நகரத்திலிருந்த இளைஞர் சிலர் முயன்று கைப்பேசித் திரையில் ஆராதனையைக் காணும்படி செய்தனர். அதனை யான் இகழமாட்டேன். மஸ்கத்திலிருந்த என் சிற்றப்பா, பல ஆண்டுகளுக்குப்பின் எங்களூர் மணியோசையை அன்றுதான் கேட்டதாகச் சொல்லி அழுதார். பிரசங்கம் நீளுமிடத்து ஒலியைத் தணித்துவிடும் வசதியும் விசுவாசிகளுக்கு முதன்முறையாகக் கிட்டியது. திரைவழியே திருவிருந்து ஆகுமா என்று பெரியோர் வாதித்தனர். அஃது அவர்கள் வழக்கு.

ஆனால் யான் கண்ட உண்மை ஒன்றுண்டு. திரை யார் வீட்டை எட்டியதோ அவ்வீடுகளில் பெரும்பாலும் அரிசி இருந்தது. அரிசி இல்லாத வீடுகளில் அத்தகைய கைப்பேசியும் இல்லை. அந்த ஆண்டு பதநீர்க் காலத்தில் கருப்பட்டி வாங்க வரும் வியாபாரிகளின் வண்டி வரவில்லை. நகரத்துக் கடைகள் சுருங்கின. மக்கள் அனுப்பும் பணமும் சுருங்கிற்று. அரசாங்கம் குடும்ப அட்டை ஒன்றுக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தது. அது பெரிதும் தாங்கிற்று. எனினும், நியாய விலைக் கடைவரை நடந்து செல்லக் கால் வேண்டும்.

கோயிலில் பெண்கள் பக்கம், மூன்றாம் தூணருகே, எப்பொழுதும் ஓர் ஆச்சி அமர்ந்திருப்பார். எழுபது வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர், மகன் ஒருவன் மும்பையில். எத்தனை மழையாயினும் அவ்விடம் காலியாயிருந்ததில்லை. ஒருமுறை காய்ச்சலினால் அவர் வராத ஞாயிற்றில், ஆசீர்வாதம் முடிந்த மறுகணமே நான்கு பெண்கள் அவர் வீட்டை நோக்கிச் சென்றதை யான் சிறுவனாயிருந்தபொழுது கண்டிருக்கின்றேன். யாரும் அவர்களை ஏவவில்லை; வெறுமையாயிருந்த தூணடியே ஏவிற்று.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரத்தில் ஒருநாள் காலை, எங்கள் சபையைச் சேராத ஓர் அம்மையார், அம்மன் கோயில் தெருவினர், கோயில் வாசலில் வந்து நின்று உபதேசியாரைக் கூப்பிட்டார். "உங்க வேதக்கார ஆச்சி வீட்டில் மூன்று நாளாய் விளக்கு எரியவில்லை, ஐயா" என்றார். உபதேசியாரும் என் தந்தையும் ஓடினர். ஆச்சி பாயிற் கிடந்தார். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. இரத்த அழுத்தத்துக்குரிய மாத்திரை தீர்ந்து பலநாள் ஆகியிருந்தது. பேருந்தில் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று மாதந்தோறும் அவர் அதனை வாங்குவார், பேருந்தோ நின்றுவிட்டது. நியாய விலைக் கடையார் கொடுத்த சீட்டு மாடத்திலிருந்தது. அதிற் குறித்த நாள் கடந்திருந்தது. பானையில் கையளவு நொய்.

வண்டி அமர்த்தி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். ஆச்சி பிழைத்தார், இடக்கை மட்டும் இன்றளவும் சுவாதீனப்படவில்லை. பேச்சுத் தெளிந்தபின் உபதேசியார் அவரைப் பார்த்து, "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே, ஆச்சி" என்றாராம். அதற்கு ஆச்சி, "யாரிடம் ஐயா சொல்லி அனுப்புவேன்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் வரவேயில்லையே" என்றார்.

இம்மறுமொழியை யான் பலகாலும் எண்ணியதுண்டு. நாம் கூடுவதன் பயன் யாது என்று கேட்பின், துதித்தல், செவிமடுத்தல், பந்தியில் பங்குபெறுதல் என்று வேதபாட வகுப்பில் விடை எழுதுவோம். வராதவர் யார் என்று தெரிதலும் கூடுதலின் பயன்களுள் ஒன்று என்பதை எந்தப் புத்தகத்திலும் யான் கண்டதில்லை. நிறைந்த கோயிலில் ஓரிடம் வெறுமையாயின் அவ்வெறுமை பேசும். எல்லா இடமும் வெறுமையாயின் ஒன்றும் பேசாது. கதவு அடைபட்டபொழுது எங்கள் சபை இழந்தவற்றுள் பாட்டும் பிரசங்கமும் ஒருவாறு திரைவழியே மீண்டன. இது மட்டும் மீளவில்லை; இழந்தோம் என்பதும் அம்மையார் வந்து சொல்லும் வரை எங்கட்குத் தெரியவில்லை. எங்கள் சபை அங்கத்தினரின் நிலையை எங்கட்கு அறிவித்தவர் எங்கள் சபையிற் சேராதவர் என்பதை ஊரார் நெடுநாள் பேசினர்.

அன்று மாலையே, பணி ஓய்வு பெற்ற பள்ளியாசிரியை ஒருவர் (ஊரில் அனைவர்க்கும் அவர் டீச்சரம்மா) உபதேசியாரிடமிருந்து சங்கக் காணிக்கைப் புத்தகத்தை வாங்கிச் சென்றார். அப்புத்தகத்தில் ஒவ்வொரு குடும்பமும் எந்த ஆண்டு எவ்வளவு செலுத்தியது, எவ்வளவு நிலுவை என்பன ஐம்பது ஆண்டுகளாக ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. யார் தனியே வாழ்கின்றார், யாருக்கு என்ன மருந்து, யார் பார்வையிழந்தவர் என்பவற்றுக்கு அதில் இடமேயில்லை. சபை தன் மக்களிடமிருந்து பெறவேண்டியதைத் தெளிவாக அறிந்திருந்தது. அவர்கட்குக் கொடுக்கவேண்டியதை எழுதிவைக்கவில்லை. டீச்சரம்மா புதிய கணக்கு நோட்டு ஒன்றில் வீடுவாரியாக வேறொரு பட்டியல் எழுதினார். தெருத்தெருவாகப் பத்து வீட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாளராக்கினார். அவர் அத்தெருவிலேயே குடியிருப்பவராதல் வேண்டும். ஏனெனில், ஊரடங்கில் தெருவைக் கடத்தல் அரிது. எங்கள் பத்து வீட்டுக்கு என் அக்காள் பொறுப்பு. யான் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதாமலே தேறிய மகிழ்ச்சியில் திரிந்தவன். எனக்கு எடுபிடி வேலை.

முறை மிக எளிது. நாள்தோறும் காலையில் வீட்டு வாசலில் விலகி நின்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். அடுப்பு எரிந்ததா? மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு உண்டு? யாருக்கேனும் ஏதேனும் சொல்லவேண்டுமா? இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கோயில் வாசலிலிருந்த காணிக்கைப் பெட்டியில் இடவேண்டும். காசு விழாத அக்காலத்தில் அப்பெட்டி வேறு எதற்கும் பயன்படவில்லை. மாலையில் டீச்சரம்மா பெட்டியைத் திறந்து நோட்டிற் பதிவார். மாத்திரை ஐந்து நாளுக்கே உண்டென்று எழுதப்பட்ட வீடுகளின் சீட்டுகளைத் திரட்டி, காவல் நிலையத்தில் இசைவு பெற்ற ஓர் இளைஞர் வாரம் ஒருமுறை இருசக்கர வண்டியிற் சென்று மருந்து வாங்கி வருவார். மூன்றாங் கேள்வியை முதலில் நாங்கள் விளையாட்டாக எண்ணினோம். அதற்குத்தான் மறுமொழிகள் மிகுந்தன. மகளுக்குப் போன் போட்டுப் பேசவேண்டும் என்றார் ஒருவர். எனக்கு ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டு, கண் தெரியவில்லை என்றார் மற்றொருவர். திண்ணைக்கு வெளியே நின்று உரக்க வாசித்து என் தொண்டை கட்டியதும் உண்டு.

அரிசிக்கு வழி என் பாட்டி காலத்து வழக்கமே. அக்காலத்தில் உலை வைக்கும்பொழுதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவர். அதற்குப் பிடியரிசி என்று பெயர். வாரக் கடைசியில் அது கோயிலுக்குச் சேரும். பணம் வந்தபின் அவ்வழக்கம் எங்களூரில் நின்றுவிட்டது. ஊரடங்கில் காணிக்கைப் பணம் வற்றியபொழுது டீச்சரம்மா கலயத்தை மீண்டும் எடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையன்று ஆராதனை நேரத்தில் வழக்கம்போல் மணி அடிக்கும். அப்பொழுது வீட்டார் ஜெபித்துக் கலயத்தை வாசற்படியில் வைப்பர். பொறுப்பாளர் வந்து எடுத்துச் செல்வர். விற்காமற் கிடந்த கருப்பட்டியை வசதியுள்ள குடும்பங்கள் விலைகொடுத்து வாங்கி அரிசியோடு சேர்த்தனர். பனையேறிக்குக் கூலியுமாயிற்று, முதியோர்க்குக் காப்பிக்கு இனிப்புமாயிற்று. தெருவில் ஒரு வீடு தவறாமல் பை சென்றமையால் வாங்குவோர் நாணவில்லை. தேவையில்லாதவர் அதனைத் திருப்பிக் கலயத்தில் இட்டனர். இவ்வுபாயம் யாருடையது என்று யான் அறியேன். ஆயினும், முழு ஏற்பாட்டிலும் என் உள்ளத்தைக் கவர்ந்தது இதுவே. ஈந்து புகழ்பெறுதலை நம் இலக்கியம் பெரிதும் பேசுகின்றது. வாங்குவோரின் முகத்தைக் காத்தலும் அதனினும் அரிய அறமன்றோ?

பத்து வீடு என்று எண்ணுகையில் அம்மன் கோயில் தெருவை விடுவதா சேர்ப்பதா என்ற பேச்சு எழுந்தது. சபைப் பணம் சபையாருக்கே என்று பெரியவர் ஒருவர் சொன்னார். ஆச்சி வீட்டில் விளக்கு எரியாததைப் பார்த்தவர் எந்தச் சபை என்று டீச்சரம்மா கேட்டார். அதன்பின் அப்பேச்சில்லை. தமிழ் மாணவனாகிய எனக்கு இங்கு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் நினைவு வருகின்றது. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்று அவரைத் தேர்வுக்குப் படிக்கின்றோம். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் இக்கிறிஸ்தவர் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்ததைக் கண்டு, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். அது தேர்வில் வருவதில்லை.

இறந்தோரைப் பற்றியும் ஒரு சொல். அக்காலத்துச் சட்டப்படி அடக்கத்துக்கு இருபதின்மருக்கு மேற் கூடலாகாது. 2020 ஏப்ரல் மாதம் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் தாக்கி விரட்ட, உடன் வந்த மருத்துவரே இரவில் மண்வெட்டி எடுத்துக் குழியை மூட நேர்ந்தது. அச்செய்தி கேட்டு எங்களூர் முதியோர் நடுங்கினர்; சாவுக்கு அஞ்சியன்று, தனியே புதைக்கப்படுதற்கு அஞ்சி. மே மாதத்தில் வேறு நோயினால் எங்களூர்ப் பெரியவர் ஒருவர் இறந்தபொழுது, பெட்டியை நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லாமல் எல்லாத் தெருக்களின் வழியும் மெல்லச் சுமந்து சென்றனர். ஒவ்வொரு வாசலிலும் வீட்டார் எழுந்து நின்றனர். கல்லறையருகே நின்றவர் பதினைவர். ஆயினும், ஊர் முழுதும் அவரை அனுப்பிவைத்தது.

கோயில் திறந்தபின் அந்நோட்டைக் கட்டி வைத்துவிடலாம் என்று சபைக் கமிட்டியில் சிலர் கூறினர். நோய் போயிற்றே, இனி எதற்கு என்றனர். "ஆச்சி இன்னும் தனியாகத்தானே இருக்கிறாள்?" என்றார் டீச்சரம்மா. ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தில் பட்டியலைத் திருத்தி எழுதும் வழக்கத்தை அவரே பிடிவாதமாக நடத்தி வந்தார். 2021இல் இரண்டாம் அலை வந்தபொழுது அது கைகொடுத்தது. அதனினும் பெரிய சோதனை 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் வந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு. காயல்பட்டினத்தில் ஒருநாளில் ஏறக்குறைய 95 சென்றிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, அதிலிருந்த ஏறக்குறைய 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்குண்டனர். அருகிலிருந்த சிற்றூர் மக்கள் தாமே சமைத்து அவர்கட்கு உணவளித்தனர்.

எங்களூரில் மின்சாரம் நின்றது. கைப்பேசிக் கோபுரமும் ஊமையாயிற்று. 2020இல் நாங்கள் வியந்த திரை ஆராதனை, அவ்வாரம் வெறுங் கண்ணாடியாயிற்று. தகரப் பெட்டியில் மெழுகுத் துணி சுற்றி வைத்திருந்த நோட்டு மட்டும் நனையவில்லை. எவ்வீடு பள்ளத்திலுள்ளது, எவ்வீட்டில் நடக்க மாட்டாதார் உளர் என்பன அதில் இருந்தமையால், இருட்டுமுன் பதினொரு வீட்டாரை மேட்டிலிருந்த கோயிலுக்குக் கொண்டு சேர்த்தோம். ஆச்சியை என் தந்தையும் மற்றொருவரும் நாற்காலியோடு தூக்கி வந்தனர். அம்மன் கோயில் தெருவிலிருந்து வந்த குடும்பங்கள் பீடத்தருகே பாய் விரித்துப் படுத்தன. கிறிஸ்து பிறப்புக்கு வாங்கிய வண்ணத் தாள்கள் ஈரமாகி ஒட்டிக்கொண்டன; அவ்வாண்டு கோயிலுக்கு அலங்காரமில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தை இப்பொழுது யான் வேறுவகையாக வாசிக்கின்றேன். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டனர் என்பதே அங்கு எழுந்த முறையீடு. யாரும் வேண்டுமென்று விடவில்லை, பட்டியல் சரியில்லை. அதற்காகவே எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். மூப்பர் பலர் உதவியூழியத்தைக் கோயிலுக்குள் செய்யும் பணியாகவே கருதுகின்றனர். அதன் தொடக்கமோ, விடுபட்ட வீடுகளைக் கணக்கெடுத்தலில் இருக்கின்றது.

கூட இயலாமை எல்லார்க்கும் நேர்ந்தது 2020இல்தான். சிலர்க்கோ அஃது ஆண்டு முழுதும் உள்ள நிலை. படுக்கையிற் கிடப்போர், ஞாயிற்றுக்கிழமையும் மருத்துவமனையில் பணி செய்யும் செவிலியர், நள்ளிரவுவரை கடையில் நின்று விடியலில் உறங்கும் எங்களூர்ப் பையன்கள், அவர்களுக்கு எந்நாளும் கதவு அடைத்தே இருக்கின்றது. டீச்சரம்மாவின் நோட்டில் இவர்கட்கும் இப்பொழுது தனிப் பக்கம் உண்டு. நகரத்துக் கடைப் பையன்களுக்கு மாதம் ஒருமுறை ஊரிலிருந்து யாரேனும் கடிதம் எழுதுவது என்று ஏற்பாடு. கைப்பேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று யான் கேட்டதற்கு, கைப்பேசியில் பேசினால் முதலாளி முறைப்பார், கடிதத்தைப் படுக்குமுன் வாசிக்கலாம் என்றார்.

சென்ற திருவருகைக் காலத்தில் பட்டியலைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்தது. டீச்சரம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. மூன்று வீடுகள் பூட்டியிருந்தன. இரண்டு வீடுகளில் புதிதாகக் குழந்தை. ஊருக்கு வெளியேயுள்ள செங்கற் சூளையருகே ஓர் அறையில் வடநாட்டுத் தொழிலாளர் மூவர் குடியிருப்பதாக அறிந்து சென்று பார்த்தேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவர்கட்குத் தெரியாது. ஊரில் இந்தி பேசக்கூடியவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரே. அவர் பொறுப்பிலுள்ள பத்து வீட்டோடு பதினொன்றாவதாக அவ்வறையையும் எழுதியிருக்கின்றேன். சூளை அவர் தெருவுக்கு நெடுந்தொலைவு. மழைக்காலத்தில் அவர் அவ்வளவு தூரம் நடப்பாரா என்பது இன்னும் முடிவாகவில்லை.